மண் மதிலும் தாள் மதிலும்

அந்தி மயங்குகிறது. முரசு அதிர்கிறது. ஓரடி, ஈரடி அல்ல, நூற்றுக்கணக்கான அடிகள்! கடைக்காரன் கதவைச் சாத்துகிறான். சுமை தூக்குவோன் நடையை எட்டிப் போடுகிறான். விருந்துக்குச் சென்றவன் விடைபெறவும் மறந்து வீடு நோக்கி ஓடுகிறான். ஏனிந்தப் பரபரப்பு? பகைவன் படையெடுத்து வந்துவிட்டானா? இல்லை. முரசொலி ஓய்ந்ததும் குடியிருப்புகளின் வாயிற்கதவுகள் அடைக்கப்படும். அடைத்த பிறகு பெருவீதியில் சுற்றுபவன் இருபது பிரம்படி பெறுவான். சட்டம் அப்படி!

இடம், சாங்கான்; இன்று சீஆன் என வழங்கும் ஊரின் பழைய வடிவம். சூயி மரபின் மன்னன் வென் 582-இல் எழுப்பத் தொடங்கிய நகரம். 618 முதல் 907 வரை ஆண்ட தாங் மரபினரின் தலைநகரம். பத்து லட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. சுற்று மதிலின் நீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். மதிலுக்குள்ளே, சதுரங்கப் பலகையில் கட்டம் கிழித்தாற்போல், நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி மதில், தனி வாயில், தனிக் காவல். பாரசீகரும் சோக்தியரும் வந்து வணிகம் செய்த மேற்குச் சந்தையைச் சுற்றியும் மதிலே! நண்பகலில் முரசு முந்நூறு முறை முழங்கினால்தான் சந்தை திறக்கும்; கதிரவன் சாயுமுன் மணி முந்நூறு முறை ஒலித்தால் மூடிவிடும். விற்பவனுக்கு ஏற்ற நேரமல்ல, வாங்குபவனுக்கு ஏற்ற நேரமுமல்ல. ஆள்பவனுக்கு ஏற்ற நேரம்!

சீன மொழியில் நகரத்துக்குச் சொல், செங்ஷி. செங் என்றால் மதில். ஷி என்றால் சந்தை. மதில், ஆள்வோனின் கைவேலை. சந்தை, உழைப்போனின் கைவேலை. ஈராயிரம் ஆண்டுச் சீன நகர வரலாற்றை ஒரு வரியில் சொல்லவேண்டுமானால், மதிலுக்கும் சந்தைக்கும் நடந்த மல்லுக்கட்டு என்று சொல்லிவிடலாம். அந்தக் கதை சாங்கானோடு முடியவில்லை. இன்றளவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

சந்தை வென்ற காலம்

904-இல் ஒரு படைத்தலைவன் மன்னனைச் சிறைப்பிடித்ததுபோல் இழுத்துக்கொண்டு, சாங்கானை இடித்து, அதன் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, லோயாங்குக்குக் கொண்டுபோனான். முன்னூறாண்டுத் தலைநகரம் விறகாய் மிதந்தது!

அடுத்து 960-இல் எழுந்த சோங் மரபின் தலைநகரம் கைபெங். கால்வாய்க் கரையில், படகும் பண்டமும் கூடும் இடத்தில் வளர்ந்த ஊர். வணிகம் பெருகப் பெருக, உள் மதில்கள் இடைஞ்சலாயின. கடைகள் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தன. 965-இல் இரவுச் சந்தைக்கு இருந்த தடை தளர்த்தப்பட்டது. முரசொலிக்கு அஞ்சி ஓடிய மக்களின் பேரப்பிள்ளைகள், விளக்கொளியில் நள்ளிரவு வரை உண்டு, பேசி, கூத்துக் கண்டு மகிழ்ந்தனர்.

அந்நகரை ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள பட்டுச் சுருளில் தீட்டி வைத்திருக்கிறார் சாங் செதுவான் எனும் ஓவியர். அந்த ஓவியத்தில் அரசவை இல்லை, அரியணை இல்லை. படகு இழுப்போர் உண்டு. பாரம் சுமப்போர் உண்டு. தேநீர்க் கடை உண்டு. பாலத்தின்மேல் நெருக்கியடிக்கும் கூட்டம் உண்டு. நகரம் என்றால் மன்னன் அல்ல, மக்கள் என்று தூரிகையால் சொல்லிவிட்டார் அவர்.

1127-இல் சுர்சென் படை கைபெங்கைக் கைப்பற்றியது. சோங் அரசு தெற்கே ஒதுங்கி, ஹாங்சௌவில் தலைநகர் அமைத்தது. பிற்காலத்தில் மார்க்கோ போலோ வாய் பிளந்து வியந்த நகரம் அது. கடற்கரையிலோ குவான்சௌ துறைமுகம் ஓங்கிற்று. அரபியர் வந்தனர்; பாரசீகர் வந்தனர்; தமிழ் வணிகரும் சென்றனர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, சீன எழுத்தும் சேர்ந்து பொறிக்கப்பட்டதாய், அங்கே கிடைத்திருக்கிறது. அங்கு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்லும் கல் அது. பக்தர்கள் அதிலே சிவனைக் காணட்டும்; நாம் காண்பது, அலைகடல் கடந்து சென்று அயலார் நகரில் தலைநிமிர்ந்து வாழ்ந்த உழைப்பாளியை! கதவு திறந்திருந்தது, ஆகவே நகரம் செழித்தது.

பரம்பரை ஏடு

திறந்த கதவைக் கண்டு அஞ்சுவது ஆள்வோரின் பழைய நோய். 1368-இல் மிங் மரபை நிறுவிய ஹோங்வூ, ஏழைக் குடியில் பிறந்து, பசியும் பஞ்சமும் அறிந்து, அரியணை ஏறியவன். ஏழைக்கு விடுதலை தந்தானா? ஏட்டைத் தந்தான்! குடும்பங்களையெல்லாம் பதிவேட்டில் ஏற்றினான். உழுகுடி, படைக்குடி, கைவினைக்குடி, உப்புக்குடி என்று பிரித்தான். தகப்பன் படைவீரனானால் மகனும் படைவீரன். தகப்பன் உப்புக் காய்ச்சினால் மகனும் உப்புக் காய்ச்சவேண்டும். ஊரைவிட்டு நூறு லி, அதாவது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தாண்டிச் செல்ல அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். தனியார் கடல் வணிகத்துக்கும் தடை!

பிறந்த குலம்தான் தொழிலை முடிவு செய்யும் என்ற பேச்சை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? அங்கே சாத்திரம் சொல்லவில்லை, சர்க்கார் ஏடு சொல்லிற்று. வேறுபாடு அவ்வளவே. மக்கள் அந்த ஏட்டை மீறினர், ஓடினர், ஒளிந்தனர், காலப்போக்கில் ஏடு செல்லரித்தது. ஆனால், ஏட்டில் எழுதி மனிதனை இடத்தோடு கட்டிவைக்கலாம் என்ற எண்ணம் செல்லரிக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நூறு சீனரில் நகரத்தில் வாழ்ந்தவர் ஐந்தாறு பேர் மட்டுமே என்று வரலாற்றறிஞர் ஸ்கின்னர் கணக்கிட்டிருக்கிறார். ஒரு காலத்தில் உலகின் மாநகரங்களைக் கட்டிய நாடு, உழவர்கடலாய் ஒடுங்கி நின்றது.

அந்நியர் நகர்

அந்த நேரத்தில்தான் அபினி வந்தது. அபினியைக் காக்கப் பீரங்கி வந்தது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை. குவாங்சௌ, சியாமென், பூசௌ, நிங்போ, ஷாங்காய் எனும் ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. திறந்தது சீனன் கையல்ல, பிரிட்டிஷ் பீரங்கி!

ஷாங்காய் வளர்ந்தது, வானளாவ வளர்ந்தது. வங்கிகள், ஆலைகள், மின்விளக்கு, டிராம். ஆனால் யாருடைய நகரம்? ஆற்றங்கரையிலே 1868-இல் ஒரு பூங்கா அமைத்தனர் வெள்ளையர். சீன மண்ணில், சீனக் கூலியின் கையால் அமைந்த அந்தப் பூங்காவுக்குள் சீனர் நுழையலாகாது என்பது விதி. 1928 வரை அந்த விதி நீடித்தது. 1925 மே 30 அன்று, ஆலைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட கூட்டத்தின்மீது அந்நியர் காவற்படை சுட்டது. சுடச் சொன்னவன் ஆங்கிலேயன். சுட்ட கைகளில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சீக்கியக் காவலரின் கையும் இருந்தது. அடிமையைக் கொண்டே அடிமையைச் சுடும் கலையில் ஏகாதிபத்தியம் கைதேர்ந்தது!

ஆனாலும் அதே நகரத்தில்தான் அச்சகங்கள் பெருகின, ஏடுகள் வந்தன, பெண்கள் ஆலைக்கும் கல்லூரிக்கும் சென்றனர், கால் கட்டும் கொடுமையைக் கேள்வி கேட்டனர். பழமையின் பிடியைத் தளர்த்திய எழுத்தாளர் லூ சுன் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்ததும் ஷாங்காயில்தான். நகரம் சுரண்டும், ஆனால் நகரம் சிந்திக்கவும் வைக்கும். இரண்டும் உண்மை.

தாள் மதில்

1949-இல் மக்கள் சீனம் மலர்ந்தது. அப்போது நகரவாசிகள் நூற்றுக்குப் பத்துப் பேர். நிலப்பிரபுவின் ஆதிக்கம் ஒழிந்தது, எழுத்தறிவு பரவிற்று, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வந்தது. 1954-இல் இயற்றிய அரசியல் சட்டம், குடியிருக்கவும் இடம் மாறவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதிற்று. தலைநகராம் பீகிங்கின் பழைய மதிலை இடிக்கவும் தொடங்கினர். வேண்டாம், அதைப் பூங்காவாக்கலாம் என்று கட்டடக்கலை அறிஞர் லியாங் சுசெங் மன்றாடினார், கேட்பாரில்லை. 1965-இல் தொடங்கிய சுரங்க ரயில் பணி எஞ்சிய மதிலையும் பெரும்பாலும் விழுங்கிற்று.

மண் மதில் வீழ்ந்தது. மகிழலாமா? பொறுங்கள் தோழர்களே! 1958 சனவரி 9 அன்று குடிப்பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. ஹூகோ என்பது அந்தப் பதிவின் பெயர். ஒவ்வொரு குடிமகனுக்கும் இரண்டு குறிப்புகள்: எந்த ஊர்? உழவுக்குடியா, உழவல்லாக் குடியா? நகரக் குடிக்கு அரிசி உண்டு, வேலை உண்டு, வீடு உண்டு, மருத்துவம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. உழவுக்குடிக்கு? கம்யூன் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு கிராமத்திலேயே கிடக்கவேண்டும். நகருக்கு வந்தாலோ, உணவுச் சீட்டு இல்லாமல் உண்ண முடியாது. காவற்காரனே தேவையில்லை, பசியே காவல் காத்தது!

குழந்தையின் பதிவு எப்படி? 1998 வரை, தாயின் பதிவே பிள்ளைக்கு. தாய் உழவுக்குடி என்றால், தகப்பன் நகரத்தானாயினும் பிள்ளை உழவுக்குடி. கருவிலேயே முத்திரை! பிறவியால் உயர்வு தாழ்வு கற்பிப்பதைக் கண்டால் கொதிக்கும் நாம், சமதர்மம் பேசியவர்கள் செய்தார்கள் என்பதற்காக இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா? கொடி எந்த நிறமாயினும், கொடுமைக்கு ஒரே பெயர்தான்.

ஏன் செய்தார்கள்? காரணம் உண்டு. கனரகத் தொழிலைக் காற்றினும் கடுகி வளர்க்க விரும்பினர். அதற்கு மூலதனம் வேண்டும். உழவனிடம் மலிவாகத் தானியம் வாங்கி, ஆலைத் தொழிலாளிக்கு மலிவாக ஊட்டி, மிச்சத்தை இயந்திரமாக்கினர். உழவன் எல்லோரும் நகருக்கு ஓடிவந்தால் அந்தக் கணக்குத் தப்பும். ஆகவே பூட்டினர்.

பூட்டின் விலை விரைவில் தெரிந்தது. 1959 முதல் 1961 வரை பெரும் பஞ்சம். மாண்டவர் தொகையை ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை பலவாறாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் யார்? தானியம் விளைவித்தவர்! 1961-க்குப் பின் மூன்று ஆண்டுகளில், நகரில் வேலை பெற்றிருந்த ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் மீண்டும் கிராமத்துக்கு அனுப்பப்பட்டனர். பண்பாட்டுப் புரட்சியின்போது, 1968-க்குப் பின், படித்த இளைஞர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நாட்டுப்புறம் அனுப்பப்பட்டனர். 1975-இல் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது, இடம் மாறும் உரிமை என்ற வரியே காணாமற்போயிற்று. 1960-இல் நூற்றுக்கு இருபதை நெருங்கிய நகர மக்கள் தொகை, 1978-இல் பதினெட்டாய்க் குறைந்து நின்றது. ஆலை வளர்ந்தது, நகரம் வளரவில்லை! உலகில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத விந்தை அது.

கட்டியவனுக்கு இடமில்லை

1978 இறுதியில், ஆன்ஹுயி மாநிலத்துச் சியாவ்காங் சிற்றூரில் பதினெட்டு உழவர்கள் கமுக்கமாகக் கூடிக் கைநாட்டிட்டனர். நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொண்டனர். விளைச்சல் பெருகிற்று. அரசு வேறு வழியின்றி ஏற்றது. உழவில் மிஞ்சிய கைகள் வேலை தேடின. 1980-இல் ஷென்சென், சூஹாய், சாந்தௌ, சியாமென் ஆகிய நான்கும் தனிப் பொருளாதார மண்டலங்களாயின.

மீனவர் குப்பம் ஒன்று மாயவித்தையால் மாநகரமானது என்று ஷென்சென்னைப் பற்றிக் கதை கட்டுவார்கள். பகுத்தறிவாளர் மாயவித்தையை நம்பலாகாது. அங்கே ஏற்கெனவே சுமார் மூன்று லட்சம் பேர் கொண்ட ஒரு வட்டமும், எல்லைச் சந்தை ஊரும் இருந்தன. பக்கத்தில் ஹாங்காங் முதல் இருந்தது. அதற்கும் மேலாக, நாடெங்கும் இருந்து வந்த இளைஞர், இளம்பெண்களின் கை இருந்தது. 2020 கணக்கெடுப்பில் ஷென்சென் மக்கள் தொகை ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம்! அவர்களில் பெரும்பகுதியினர் ஷென்சென் குடிப்பதிவு இல்லாதவர்கள். நகரில் வாழ்கிறார்கள், நகரத்தார் அல்லர். வேலைக்கு வேண்டியவர்கள், உரிமைக்கு வேண்டாதவர்கள்!

அந்தக் கைகளுக்குக் கிடைத்த மதிப்பென்ன? 1993 நவம்பர் 19, ஷென்சென் நகரில் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றில் தீ. சன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. மாண்டவர் 87 பேர். பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். எங்கோ ஒரு நாட்டுக் குழந்தை சிரிக்க வேண்டிய பொம்மைக்காக, எரிந்து கரியானாள் ஏழை வீட்டு மகள்.

2003 மார்ச்சில் குவாங்சௌ நகரில் சுன் சிகாங் எனும் இளைஞர், வயது 27, கல்லூரியில் படித்தவர், தற்காலிகக் குடியிருப்புச் சீட்டு கையில் இல்லை என்பதற்காகத் தெருவில் பிடிக்கப்பட்டார். மூன்றாம் நாள் அடியுண்டு மாண்டார். சொந்த நாட்டில், சொந்தத் தெருவில் நடந்தது அவர் குற்றம்! சாங்கானில் இருபது பிரம்படி; ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துக் குவாங்சௌவில் சாவு. நாளேடொன்று துணிந்து எழுதிற்று, சட்ட அறிஞர்கள் மனுக் கொடுத்தனர், நாடு கொதித்தது. அதே ஆண்டு சூனில், பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் அந்த முறையை அரசு ஒழித்தது. எழுதுகோலுக்கு வலிமை உண்டா என்று ஐயுறும் இளைஞர்கள் இந்த ஒரு செய்தியை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அந்த முறை ஒழிந்தது, ஏடு ஒழியவில்லை. 2011-இல் சீன மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயினர். 2024 இறுதியில் நூற்றுக்கு 67. ஆனால் நகரக் குடிப்பதிவு உடையவர் நூற்றுக்கு ஐம்பதைக்கூட எட்டவில்லை என்பது 2023-ஆம் ஆண்டின் கணக்கு. இடையில் நிற்பவர் இருபத்தைந்து கோடியினர்! அவர்களின் பிள்ளைகள் கிராமத்தில் பாட்டியிடம், பெற்றோர் ஆலையில். ஆண்டுக்கொரு முறை, புத்தாண்டு விடுமுறையில், முகம் பார்க்கும் தாயும் மகவும். உடன் அழைத்து வந்தாலோ, பள்ளியில் இடம் கிடைப்பது அரிது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதப் பெரும்பாலும் பதிவுள்ள மாநிலத்துக்கே திரும்பவேண்டும்.

"குடிப்பதிவு இருந்ததால்தான் சீன நகரங்களில் சேரிகள் பெருகவில்லை" என்று வாதிப்போர் உண்டு. ஆம், மற்ற நாடுகளின் மாநகரங்களைச் சூழ்ந்த குடிசைக்கடல் அங்கே குறைவுதான். மறுக்கவில்லை. ஆனால் வறுமை ஒழிந்ததா, ஒளிந்ததா? தொழிலாளியின் இளமையை மட்டும் நகரம் எடுத்துக்கொண்டது. அவன் குழந்தைமையையும் முதுமையையும் கிராமத்தின் தலையில் கட்டிற்று. ஷென்சென், குவாங்சௌ நகரங்களுக்கு உள்ளேயே, பழைய கிராமங்கள் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளாயின. எதிரெதிர் சன்னலில் நிற்போர் கைகுலுக்கலாம் என்பதால் அவற்றுக்குக் கைகுலுக்கும் கட்டடங்கள் என்றே பெயர். 2017 நவம்பரில் பீகிங்கின் தாசிங் பகுதியில் அத்தகைய கட்டடமொன்றில் தீப்பற்றி 19 பேர் மாண்டனர். துயர் துடைக்க வந்தது என்ன? வெளியேற்றம்! பாதுகாப்பு என்று சொல்லி, கடுங்குளிரில், பல்லாயிரம் ஏழைத் தொழிலாளரை வீட்டைவிட்டு விரட்டினர்.

நாளை

நாளைய சீன நகரம் எப்படி இருக்கும்? சோதிடம் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். 2022-இல் சீன மக்கள் தொகை, 1961-க்குப் பின் முதன்முறையாகக் குறைந்தது; அடுத்த இரண்டு ஆண்டுகளும் குறைந்தது. முதியோர் பெருகுகின்றனர். உழவனிடம் நிலத்தைக் குறைந்த இழப்பீட்டுக்கு எடுத்து, கட்டடக் குழுமங்களுக்குக் கூடுதல் விலைக்கு விட்டு, அதில் நகராட்சி நடத்திய காலம் தளர்ந்துவிட்டது. 2021-இல் எவர்கிராண்ட் எனும் பெரும் கட்டடக் குழுமம் கடனை அடைக்க முடியாமல் சாய்ந்தது. ஆளின்றி வீடுகள், வீடின்றி ஆட்கள்!

அரசும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2014-இல், உழவுக்குடி, உழவல்லாக் குடி என்ற பிரிவினையை நீக்குவதாக அறிவித்தது. சிறு நகரங்களும் நடுத்தர நகரங்களும் கதவைத் திறந்துள்ளன. 2024-இல் வெளியிட்ட ஐந்தாண்டுத் திட்டம், நகர மக்கள் விகிதத்தை எழுபதை ஒட்டி உயர்த்தவும், வந்து குடியேறியோர்க்குப் பொதுச் சேவைகளை விரிக்கவும் வழி சொல்கிறது. நல்லது, வரவேற்போம். ஆனால் வேலையும் கல்வியும் மிகுந்த பீகிங், ஷாங்காய் போன்ற மாநகரங்களோ, படிப்புக்கு இத்தனை, வரிக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு மனிதரைச் சலிக்கின்றன. பட்டதாரி நுழைவான், கட்டடத் தொழிலாளி நிற்பான். பிறவி முத்திரை பாதி அழிந்தது. பண முத்திரை அந்த இடத்தில் அமர்கிறது.

ஏறத்தாழ முப்பது கோடி உழவுக்குடித் தொழிலாளர் இன்று சீனத்தில் உள்ளனர். ஷென்சென்னைக் கட்டிய முதல் தலைமுறை நரைத்துவிட்டது. முதுகு வளைந்து, மூச்சு வாங்கி, சின்னஞ்சிறு ஓய்வூதியத்துக்காகக் கிராமத்துக்குத் திரும்பும் அந்த முதியவருக்கு நகரம் தரப்போகும் விடை என்ன? எதிர்காலம் அந்த விடையில் இருக்கிறது; வானளாவும் கோபுரத்திலோ, விரைந்தோடும் ரயிலிலோ அல்ல.

மண் மதில் இயற்கையன்று. மனிதன் கட்டினான், மனிதன் இடித்தான். தாள் மதிலும் அப்படியே. ஆண்டவன் எழுதிய தலையெழுத்து என்று அதற்கு எவரும் சொல்ல முடியாது. எழுதியவன் எழுத்தர், இட்டது மை, நாள் 1958 சனவரி 9. மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம். கைபெங்கின் கடைக்காரர்கள் ஒருநாள் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்கள். சியாவ்காங்கின் உழவர்கள் ஒருநாள் கைநாட்டிட்டார்கள். நகரைக் கட்டியவனுக்கு நகரில் வாழ உரிமை உண்டு என்று சொல்லும் நாளும் வந்தே தீரும். எந்த நாட்டில், எந்த ஏட்டில், எந்த மையால் எழுதப்பட்டிருந்தாலும், பிறந்த இடத்தைக் காட்டி மனிதனை நிறுத்தும் முத்திரையை அழிப்பது நம் வேலை!